பேப்பர் போடுவதற்கு முன்

தறியை விட்டுப் போகிறவருக்கு ராஜினாமா கடிதம் கிடையாது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலும் ஓரிக்கையிலும் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ பேர் நெசவை விட்டிருக்கிறார்கள். யாரும் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 2009-10-இல் மத்திய அரசு எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருந்தவர்கள் சுமார் 43 லட்சம் பேர். பத்தாண்டு கழித்து, 2019-20-இல் எடுத்த அடுத்த கணக்கெடுப்பில் சுமார் 35 லட்சம். இடையில் குறைந்த எட்டு லட்சம் பேரின் விலகலுக்கும் காகிதச் சாட்சி ஒன்றும் இல்லை.

ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுத வேண்டியிருக்கிறது. விடியுமுன் கம்பெனி பஸ்கள் காஞ்சிபுரத்துத் தெருமுனைகளில் வந்து நின்று, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரகடம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று கிளம்புகின்றன. 1990-களின் கடைசியில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை வந்ததிலிருந்து இந்தப் பாதையில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. அங்கே வேலைக்குச் சேர ஒரு கடிதம், விலக ஒரு கடிதம். சேரும் கடிதத்தைக் கம்பெனியே அச்சடித்துக் கொடுத்துவிடும். விலகும் கடிதத்தை நாம்தான் எழுத வேண்டும். ‘பேப்பர் போட்டாச்சா?’ என்று டீக்கடையில் சாதாரணமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பேப்பரில் என்ன எழுதுவது என்பதில்தான் தடுமாற்றம்.

அதற்கு முன் தறியிலிருந்து விலகுவது எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். எழுத்தில்லாத அந்த ஏற்பாட்டிலும் கறாரான விதிகள் உண்டு.

கூட்டுறவுச் சங்கத்தில் சேராமல் தனியார் முதலாளியிடம் நெய்கிறவருக்குப் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். சேலையை நெய்து கொடுத்தால் கூலி. கல்யாணம், மருத்துவம், வீடு ஒழுகுவது என்று வரும்போது முன்பணம் வாங்குவது வழக்கம். அந்தப் பணம் தீராத வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. போக வேண்டுமென்றால் புது முதலாளி பழையவரின் பாக்கியைக் கட்டி நெசவாளரை ‘எடுத்துக்கொள்வார்’. பாக்கி தீராது, ஆள் மட்டும் கைமாறுவார். கடனுக்காக மனிதரைக் கட்டிப்போடும் கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆனாலும் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் குழந்தைகள் முன்பணத்துக்காக வேலை செய்வதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் பதிவு செய்தது.

இன்னொரு விதி பாவு. தறியில் ஏற்றிய பாவு வழக்கமாக இரண்டு மூன்று சேலைக்கு வரும். பாதிப் பாவில் எழுந்து போவது மரியாதை இல்லை, யாரும் போவதுமில்லை. கடைசிச் சேலையை அறுத்த பிறகுதான் அடுத்த பேச்சு. கம்பெனிக்காரர்கள் நோட்டீஸ் பீரியட் என்று சொல்வதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்தத் தெருக்களில் அது இருந்திருக்கிறது.

கோர்வைச் சேலை என்றால் சிக்கல் கூடும். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம், இரண்டும் பிரியாமல் பிணைய மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவர் கையால் முடியாது. பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆள் வேண்டும். பல வீடுகளில் அந்த ஆள் பிள்ளைதான். பிள்ளை கம்பெனிக்குப் போன அன்றே அப்பாவின் தறியில் கோர்வை நின்றுவிடுகிறது. கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டும், அல்லது ஒற்றை ஆளே நெய்யக்கூடிய சேலைக்கு மாற வேண்டும். அந்தப் பிள்ளை வாழ்க்கையில் முதலில் விலகிய வேலை அப்பாவுடையதுதான். அதற்கு நோட்டீஸும் இல்லை, ரிலீவிங் லெட்டரும் இல்லை.

இனி கம்பெனிக்கு வருவோம். பஸ் நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ், டைப்பிங் கடைகளில் ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம், பட்டா மனு ஆகியவற்றோடு ராஜினாமா கடிதமும் அடித்துத் தருகிறார்கள். அங்கே நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அண்ணே, ரிசைன் லெட்டர் ஒண்ணு அடிக்கணும்ணே.”

“எந்தக் கம்பெனி தம்பி?”

“ஒரகடம்ணே.”

“கடைசி நாள் எப்போ?”

“அவங்க சொல்லுவாங்கண்ணே.”

“அவங்க எதுக்குப்பா சொல்லணும்? போறது நீதானே?”

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் கடிதம் பாதி எழுதியாகிவிட்டது.

நமக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் பள்ளிக்கூடம் என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் படித்த எல்லோரும் முதன்முதலில் எழுதப் பழகிய கடிதம் விடுப்பு விண்ணப்பம். காய்ச்சல் என்று ஒரு காரணம், இரண்டு நாள் விடுப்பு என்று ஒரு வேண்டுகோள், பணிவுடன் என்று ஒரு சொல், கடைசியில் கீழ்ப்படிதலுள்ள மாணவன். இருபத்தைந்து வயதில் வேலையை விடும்போதும் கை அந்தத் தடத்திலேயே போகிறது. ‘என் தாயாருக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால் என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ தாயார் வீட்டில் நன்றாக இருப்பார். காரணம் சொல்லாமல் விலகக் கூடாது என்ற பயம், நல்ல காரணமாக இல்லாவிட்டால் அனுமதி கிடைக்காது என்ற பயம், இரண்டும் சேர்ந்து அந்த அம்மாவைப் படுக்கையில் தள்ளிவிடுகின்றன.

விடுப்பு விண்ணப்பம் அனுமதி கேட்கிறது. ராஜினாமா கடிதம் முடிவைத் தெரிவிக்கிறது. தனியார் வேலையில் தொழிலாளிக்கு நிறுவனத்தோடு இருப்பது ஓர் ஒப்பந்தம். அதில் சொன்ன நோட்டீஸ் நாட்களைக் கொடுத்துவிட்டு விலகுவது அவருடைய உரிமை. அரசு வேலையில் மட்டும் கதை கொஞ்சம் வேறு: அங்கே விதிப்படி ராஜினாமா ஏற்கப்பட வேண்டும், ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் ஏற்காமல் வைத்திருக்கவும் முடியும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சூப்பர்வைசர் மேல் இருக்கும் கோபம் முழுவதையும் இரண்டு பக்கத்துக்குக் கொட்டுவது. ஓவர்டைம் பாக்கி, கேன்டீன் சாம்பார், கெட்ட வார்த்தை, பாரபட்சம், எல்லாம் ஒரே மூச்சில். சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் காகிதம் போய்ச் சேரும் இடம் எச்.ஆர் கோப்பு. அங்கே அதைப் படித்து மனம் வருந்தப்போகிறவர் யாருமில்லை. நாளை வேறு நிறுவனம் விசாரித்தால் எடுத்துப் பார்க்கப்போகிறவர் மட்டும் உண்டு.

காரணத்தைச் சொல்லவே கூடாதா? சொல்லலாம், அதற்கு இடம் வேறு. இதில் நம் நாட்டின் இரண்டு புகழ்பெற்ற ராஜினாமாக்கள் நல்ல பாடம்.

1921 ஏப்ரல் 22. லண்டனில் இந்திய விவகார அமைச்சராக இருந்த மாண்டேகுவுக்கு 24 வயது சுபாஷ் சந்திர போஸ் எழுதுகிறார். ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவது இடம் பிடித்து, பயிற்சியில் இருந்தவர். நாட்டையே உலுக்கக்கூடிய காரணம் அவரிடம் இருந்தது. அந்நிய அரசுக்கு ஊழியம் செய்ய மாட்டேன் என்பதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பயிற்சியாளர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிடுங்கள் என்கிறார். எந்தத் தேர்வில் தேர்ந்தேன் என்று குறிப்பிடுகிறார். இதுவரை 100 பவுண்டு உதவித்தொகை வாங்கியிருக்கிறேன், ராஜினாமா ஏற்கப்பட்டதும் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்கிறார். முடிந்தது. இன்றைய மொழியில் சொன்னால் அடையாளம், முடிவு, செட்டில்மெண்ட். மனப் போராட்டத்தையெல்லாம் அண்ணன் சரத் சந்திர போஸுக்கு எழுதிய கடிதங்களில் கொட்டினார். அவையும் பக்கம் பக்கமாக இருக்கின்றன, ஆனால் இந்தியா ஆபீஸ் கோப்பில் இல்லை.

இரண்டாவது அம்பேத்கர். இந்து சட்டத் தொகுப்பு மசோதா நாடாளுமன்றத்தில் நான்கு பிரிவுகளோடு கைவிடப்பட்ட நிலையில், 1951 செப்டம்பர் 27 அன்று சட்ட அமைச்சர் பதவியிலிருந்து விலகுவதாக நேருவுக்கு எழுதினார். ஏன் விலகினேன் என்பதற்குத் தனியாக ஒரு நீண்ட அறிக்கை தயாரித்தார். ஷெட்யூல்டு வகுப்பினர் பிரச்சினை, வெளியுறவுக் கொள்கை, இந்து சட்ட மசோதா என்று ஒவ்வொன்றாக வாதாடும் அறிக்கை அது. அக்டோபர் 11-ஆம் தேதி அவையில் வாசிக்க வந்தவரிடம், முன்கூட்டியே நகல் வேண்டும் என்றார் அப்போதைய துணை சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார். அம்பேத்கர் ஒப்பாமல் வெளியேறி, அறிக்கையைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். விலகல் ஓர் ஆவணம், காரணம் இன்னோர் ஆவணம் என்று பிரித்து வைத்ததால்தான் அவையில் வாசிக்க விடாதபோதும் அந்த வாதம் சாகவில்லை.

ஒரகடத்துத் தொழிலாளிக்கும் இதே வழிதான். ஓவர்டைம் பாக்கிக்குத் தொழிலாளர் துறையில் புகார். பாலியல் தொல்லை என்றால் உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில். பாதுகாப்புக் குறை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு. ஒவ்வொன்றும் தனிக் காகிதம், தனித் தேதி. ராஜினாமாவுக்குள் புதைத்த புகார் புகாராகப் பதிவாவதே இல்லை.

பொய்க் காரணத்துக்கும் பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. பொய் என்பது கடுமையாக இருந்தால், முழுக் காரணம் அல்லாத காரணம் என்று வைத்துக்கொள்வோம். 1954-இல் ராஜாஜி சென்னை மாநில முதல்வர் பதவியை விட்டபோது சொன்னது உடல்நிலை. ஊருக்கே தெரிந்த காரணம் குலக்கல்வி. பிள்ளைகள் பாதி நாள் பள்ளியில் படிக்கட்டும், மீதி நேரம் அப்பாவின் தொழிலைப் பழகட்டும் என்று 1953-இல் கொண்டுவந்த திட்டம் அது. நெசவாளர் வீட்டில் அதற்கு ஒரே பொருள்தான்: மத்தியானத்துக்கு மேல் பிள்ளை தறிக் குழிக்கு அருகில் உட்கார்ந்து கோர்வை போட வேண்டும். திராவிடர் கழகம் தெருவில் இறங்கியது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு முற்றியது. ஏப்ரலில் காமராஜர் முதல்வராகி, திட்டத்தைக் கைவிட்டார். இன்று கம்பெனி பஸ்ஸில் போகும் பிள்ளையின் தாத்தா காலத்துச் செய்தி இது. அந்த ஒரு ராஜினாமா நடக்காமல் இருந்திருந்தால் என்று யோசித்துப் பார்க்க எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பேப்பர் போடுவதில் காமராஜரும் சளைத்தவரல்லர். கட்சிப் பணிக்காக 1963 அக்டோபர் 2 அன்று தானே முதல்வர் பதவியை விட்டார்.

காஞ்சிபுரத்துக்கு விலகல்களில் தனி ராசி உண்டு போலும். 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் இங்கேதான் தமிழ்நாடு காங்கிரஸ் மாகாண மாநாடு நடந்தது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவந்தார். முந்தைய மாநாடுகளிலும் முயன்று தோற்ற தீர்மானம் அது. இங்கும் அனுமதி மறுக்கப்பட்டது. பெரியார் எழுந்து வெளியே போனார், காங்கிரசிலிருந்தே போய்விட்டார். அதே ஆண்டு மே மாதத்திலேயே ‘குடி அரசு’ வார இதழைத் தொடங்கியிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். விலகிய பிறகு காரணத்தை எங்கே சொல்வது என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. வாரா வாரம் சொன்னார்.

அதே ஊரில் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அண்ணா, இளமையில் காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தர். அதை விட்டுவிட்டுத்தான் பச்சையப்பன் கல்லூரிக்குப் படிக்கப் போனார். எழுத்தராகவே இருந்திருந்தால் நல்ல எழுத்தராக ஓய்வு பெற்றிருப்பார். அவர் வாழ்க்கையின் பெரிய விலகல் 1949-இல் வந்தது. ஜூலையில் பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டதை ஏற்க முடியாமல் அண்ணாவும் நண்பர்களும் திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்தார்கள். செப்டம்பர் 17 அன்று சென்னை ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடங்கியது. பெரியார் அவர்களைக் கண்ணீர்த்துளிகள் என்று கேலி செய்தார்.

அண்ணா செய்த காரியம்தான் இங்கே முக்கியம். புதுக் கட்சிக்குத் தலைவர் பதவியையே நிரப்பவில்லை, அது பெரியாருக்கு உரியது என்று காலியாக விட்டு, தான் பொதுச்செயலாளராக இருந்தார். அண்ணா மறையும் வரை, ஏறக்குறைய இருபது ஆண்டு, அந்த நாற்காலி காலி. 1967-இல் தேர்தலில் வென்றதும் திருச்சிக்குப் போய்ப் பெரியாரைச் சந்தித்தார். இத்தனைக்கும் அந்தத் தேர்தலில் பெரியார் ஆதரித்தது காங்கிரசை. பழைய மேலாளரைப் பற்றி ஒரு சுடுசொல்லை எழுதலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் காஞ்சிபுரம் அண்ணா நினைவு இல்லம் பக்கம் ஒரு நடை போய் வரலாம்.

சொல்லாமலே போன விலகலும் இந்த ஊரில் நடந்திருக்கிறது. 1987 ஆகஸ்ட் மாதம் ஓர் இரவில் காஞ்சி மடத்திலிருந்து ஜெயேந்திர சரஸ்வதி சுவாமிகள் யாருக்கும் சொல்லாமல் புறப்பட்டுவிட்டார். துறவிக்குரிய தண்டமும் மடத்திலேயே இருந்தது. நாடே பரபரத்தது, பத்திரிகைகள் வேறு செய்தியே இல்லாததுபோல் எழுதின. அவர் கர்நாடகத்தில் குடகு மலையின் தலைக்காவிரியில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. சில வாரங்களில் திரும்பி வந்து, பல்லாண்டு மடத்தை நடத்தினார். பீடாதிபதிக்குத் திரும்பி வர இடம் இருந்தது. ஷிஃப்ட் தொழிலாளி சொல்லாமல் நின்றால் ‘அப்ஸ்காண்டிங்’ என்று கோப்பில் எழுதிவிடுவார்கள், ரிலீவிங் லெட்டர் கிடைக்காது, அடுத்த கம்பெனி வாசலில் அது கேள்வியாக நிற்கும். ஆறு மாதம்தானே வேலை பார்த்தோம், எதற்குக் கடிதம் என்று நின்றுவிடுகிறவர்கள் தொழிற்சாலைப் பகுதியில் நிறைய. நாலு வரி எழுதச் சோம்பல்பட்டு அந்த ஆறு மாத அனுபவத்தைத் தொலைப்பது நியாயமே இல்லை.

அந்த நாலு வரி இப்படி இருந்தால் போதும்:

‘மேலாளர், மனிதவளத் துறை அவர்களுக்கு. பொருள்: பணி விலகல். ஐயா, நான் 2020 ஜூன் 8 முதல் தங்கள் நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிந்து வருகிறேன். இப்பணியிலிருந்து விலகுகிறேன் என்பதை இக்கடிதம் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். பணி நியமன ஆணையில் கண்ட 30 நாள் முன்னறிவிப்பின்படி 2026 ஜூலை 31 எனது கடைசிப் பணி நாள். என் பொறுப்பில் உள்ள வேலைகளை அதற்குள் ஒப்படைத்துவிடுகிறேன். நிலுவைச் சம்பளம், பணிக்கொடை, பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று ஆகியவற்றை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்கே வேலை கற்றுக்கொள்ளக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி.’

பெயர், பணியாளர் எண், கையெழுத்து, 2026 ஜூலை 1 என்று தேதி. அவ்வளவே. நன்றி வரி கட்டாயமா என்று கேட்பார்கள். மனமில்லையென்றால் விட்டுவிடலாம், கடிதம் செல்லும். தேதி இல்லாவிட்டால்தான் செல்லாது என்கிற அளவுக்குச் சண்டை வரும். தமிழில் எழுதலாமா? தாராளமாக. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தொழிற்சாலையின் நிலையாணைகளே தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்குப் புரியும் மொழியிலும் வைக்கப்பட வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. கையில் கொடுத்தால் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்க வேண்டும். தர மறுத்தால் மின்னஞ்சல், இல்லையென்றால் பதிவுத் தபால்.

எழுதிக் கொடுத்த பிறகு மனம் மாறினால்? இதில் ஒரு நீதிபதியின் வழக்கே இருக்கிறது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா 1977 மே மாதம் குடியரசுத் தலைவருக்கு எழுதி, ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாகச் சொன்னார். ஜூலை நடுவில், வேண்டாம், திரும்பப் பெறுகிறேன் என்று இன்னொரு கடிதம். திரும்பப் பெற முடியுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விலகல் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பு திரும்பப் பெறலாம் என்று 1978-இல் தீர்ப்பு வந்தது. தொழிலாளர் வழக்குகளிலும் நீதிமன்றங்கள் பொதுவாக இந்த வழியில்தான் போகின்றன. கடைசி நாளைக் கடிதத்திலேயே எழுதச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். ‘உடனடியாக விலகுகிறேன்’ என்று எழுதி, அவர்கள் அன்றே ஏற்றுக்கொண்டுவிட்டால் திரும்ப வழி இருக்காது.

எழுதவே கூடாத ராஜினாமா ஒன்று உண்டு. நிர்வாகம் எழுதச் சொல்லும் ராஜினாமா. தனி அறைக்குள் கூப்பிட்டு, அச்சடித்த தாளை முன்னே தள்ளி, நீயே கையெழுத்துப் போட்டால் நல்ல சான்றிதழ், இல்லையென்றால் வேலை நீக்கம் என்பார்கள். ஏன் அந்தத் தாளுக்கு இவ்வளவு ஆசை? ஆளை அவர்கள் அனுப்பினால் ஆட்குறைப்பு: நோட்டீஸ், இழப்பீடு, அரசுக்குத் தகவல் என்று கடமைகள் வரும். தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்கூட, 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்ப விடாது. தானாக விலகினார் என்று ஒரு கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தக் கடமைகள் பெரும்பாலும் இல்லாமல் போகின்றன.

இதன் பெரிய வடிவத்தை இந்த மாவட்டம் 2014-இல் பார்த்தது. 2006-இல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை, வரி வழக்கில் சிக்கி, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற முடியாமல் நின்றது. விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கையெழுத்திட்டார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள், பாதிப் பேருக்கு மேல் பெண்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. சட்டத்தின் கண்ணில் விருப்ப ஓய்வு ஆட்குறைப்பு ஆகாது. அப்படிப்பட்ட தாள் முன்னால் வந்தால் ஒரு நாள் அவகாசம் கேட்பதும், நகல் இல்லாமல் கையெழுத்துப் போடாமல் இருப்பதும், மிரட்டல் இருந்தால் அன்றே தொழிலாளர் அலுவலருக்கு எழுதுவதும் கைகொடுக்கும். மாதங்கள் கழித்து, கட்டாயப்படுத்தினார்கள் என்று சொன்னால் நிரூபிக்கும் சுமை தொழிலாளி தலையில்.

தறிக்காரரின் முன்பணத்துக்கு இணையாகக் கம்பெனியில் பாண்டு இருக்கிறது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை. இது செல்லாது என்று பலர் அடித்துச் சொல்வார்கள், நம்ப வேண்டாம். விஜயா வங்கி வழக்கில் 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்ச ரூபாய் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. விலகிய பிறகு இன்னொரு கம்பெனியில் சேரவே கூடாது என்று தடுப்பதுதான் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்து நியமன ஆணையைப் படிக்க வேண்டும், பேப்பர் போடும் நாளில் அல்ல, சேரும் நாளில்.

பணக் கணக்கில் ஒரு தேதியைத் தவறவிட்டு ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். பணிக்கொடைக்கு 5 ஆண்டு தொடர் பணி வேண்டும். ராஜினாமா செய்தாலும் அது உண்டு. ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதையும் முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாலரை ஆண்டு முடித்தவர் இன்னும் இரண்டு மாதம் பொறுத்துப் பேப்பர் போட்டால் கணக்கே மாறும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200 ரூபாய் என்றால் 26-ஆல் வகுத்து ஒரு நாளுக்கு 700. ஆண்டுக்கு 15 நாள் என்று 10,500. ஆறு ஆண்டுக்கு 63,000 ரூபாய். ஒரு தங்கையின் கல்லூரிக் கட்டணம் வந்துவிடும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை உண்டு. விலகியவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் அந்தத் தொகுப்புகள் சொல்கின்றன. நாற்பத்தைந்து நாள் ஆகும் தம்பி என்று சொல்லும் எச்.ஆரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

பி.எஃப். பணத்தை உடனே எடுத்துவிடத் துடிப்பார்கள். ஐந்தாண்டுத் தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் வருமான வரிக் கணக்கில் வரும், ஓய்வூதியத்துக்கான சேவைக் காலமும் அறுந்துபோகும். அதே யு.ஏ.என். எண்ணைப் புதுக் கம்பெனியில் கொடுத்து மாற்றிக்கொள்வதே மேல். அதற்கு விலகிய தேதி பி.எஃப். கணக்கில் ஏறியிருக்க வேண்டும். பழைய நிறுவனம் அதைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அங்கே கேட்கும் தேதியும் கடிதத்தில் எழுதிய கடைசி நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் அந்தத் தேதியைக் கேட்டது சும்மா இல்லை.